சோளத்தின் மரபணுவும் நம் இடுப்பளவும்

எடையைக் குறைக்க மூன்று மாதமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்த தோழி ஒருத்தி, ஒரு நாள் இரண்டு கிரனோலா (ஓட்ஸும் கொட்டைகளும் இனிப்புச் சேர்த்து வறுத்த காலை உணவு) பாக்கெட்டுகளைப் படம் பிடித்து அனுப்பினாள். ஒன்றின் முகப்பில் ‘மரபணு மாற்றப்பட்ட பொருள் எதுவும் சேர்க்கப்படவில்லை’ என்று பச்சை எழுத்தில் ஒரு முத்திரை. மற்றதில் அது இல்லை. “எதை வாங்கட்டும்? முத்திரை இருப்பதைச் சாப்பிட்டால்தான் உடம்பு இளைக்கும் என்கிறார்களே” என்று கேட்டிருந்தாள். பாக்கெட்டுகளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் படம் எடுக்கச் சொன்னேன். இரண்டிலும் 100 கிராமுக்கு 460 கலோரியை ஒட்டித்தான் போட்டிருந்தது. சர்க்கரையும் ஏறக்குறைய ஒரே அளவு. ‘ஒரு வேளைக்கு 45 கிராம்’ என்று இரண்டிலும் சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். “நீ வழக்கமாகக் கிண்ணத்தில் போடுகிற அளவைப் போட்டுத் தராசில் வைத்துப் பார்” என்றேன். 110 கிராம் வந்தது.

45 கிராம் என்றால் சுமார் 207 கலோரி. 110 கிராம் என்றால் 506. ஒரே காலை, ஒரே கிண்ணம், ஏறக்குறைய 300 கலோரி வித்தியாசம். அதைப் பற்றி அவளிடம் அதுவரை யாரும் பேசவில்லை. பேசியதெல்லாம் மரபணுவைப் பற்றி.

அவள் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. எடை குறைக்க நினைப்பவர்கள் ஒவ்வொரு வாய்க்கும் யோசிக்கிறவர்கள். அவர்களுடைய கவனமும் மனவுறுதியும் எடுக்க எடுக்கக் குறையாத கிணறு கிடையாது. அதை வீணான இடத்தில் செலவழிக்க வைப்பது அநியாயம். ஆகவே என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடல் எடையைப் பொறுத்தவரை, ஓர் உணவு மரபணு மாற்றப்பட்டதா இல்லையா என்பது கணக்கில் வராது. ஆனால் மரபணு மாற்று உணவை நிறுத்திய பிறகு இளைத்தவர்கள் உண்டு, அவர்கள் பொய் சொல்லவில்லை. இது இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

பயிருக்குள் மாறுவது எது?

கடைக்கு வந்த முதல் மரபணு மாற்று உணவு ஒரு தக்காளி. அமெரிக்காவில் கால்ஜீன் என்ற நிறுவனம் 1994இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஃபிளேவர் சேவர்’. பழுத்த பிறகு சீக்கிரம் குழைந்துபோகாமல் இருக்க அதன் ஒரு மரபணுவை அடக்கியிருந்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது சந்தையை விட்டுப் போய்விட்டது. 1996இல் மரபணு மாற்றிய சோயாவும் மக்காச்சோளமும் பெரிய அளவில் பயிராகத் தொடங்கின. அதிலிருந்துதான் உண்மையான கதை ஆரம்பம். 2019இல் உலகெங்கும் சுமார் 19 கோடி ஹெக்டேரில் மரபணு மாற்றுப் பயிர்கள் நின்றன. அதில் மிகப் பெரும் பகுதி சோயா, மக்காச்சோளம், பருத்தி, கடுகு இனத்து எண்ணெய்வித்தான கனோலா என்ற நான்கே பயிர்கள். அமெரிக்காவில் இன்று விளையும் சோயாவிலும் மக்காச்சோளத்திலும் 90 சதவீதத்துக்கு மேல் மரபணு மாற்று ரகங்கள்தான்.

இந்தப் பயிர்களில் செய்திருக்கும் மாற்றங்களில் பெரும்பாலானவை இரண்டே வகை. ஒன்று, களைக்கொல்லி தெளித்தால் களை சாகும், பயிர் தாங்கும். இன்னொன்று, பயிரே பூச்சியைக் கொல்லும் ஒரு புரதத்தை உற்பத்தி செய்யும். இந்தப் புரதம் மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்ற பாக்டீரியாவிடமிருந்து வந்தது. ‘பிடி’ என்று சுருக்கிச் சொல்வது அதைத்தான். புழுவின் குடலில் காரத்தன்மை உண்டு, அந்தப் புரதம் போய்ப் பற்றிக்கொள்ள அங்கே குறிப்பிட்ட ஏற்பிகளும் உண்டு. பற்றியதும் குடல் சுவரில் ஓட்டை விழுந்து புழு சாகிறது. நம் இரைப்பையில் அமிலம், அந்த ஏற்பிகளும் நமக்கு இல்லை. மற்றப் புரதங்களைப் போல அதுவும் செரித்துப்போகிறது. இரண்டு மாற்றங்களுமே வயலில் நிற்கும் விவசாயியை மனதில் வைத்துச் செய்தவை. சாப்பிடுகிறவரின் தட்டில் கலோரியைக் கூட்டவோ குறைக்கவோ யாரும் அவற்றை உருவாக்கவில்லை.

ஒரு மக்காச்சோள மணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். உலர்ந்த மணியின் எடையில் பத்தில் ஏழு பங்கு மாவுச்சத்து. பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் புரதம். நூற்றுக்கு நாலு பங்கு எண்ணெய். மீதி நார்ச்சத்தும் ஈரமும் தாது உப்புகளும். ‘பிடி’ புரதத்தைச் சேர்த்த மணியிலும் கணக்கு இதேதான். புதிதாக வந்த புரதம் கிராமுக்கு மைக்ரோகிராம் அளவில், அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைக்கும் துணுக்கு அளவில்தான் பேசப்படும். உடம்பில் கொழுப்பாகச் சேர்வது அந்த மாவுச்சத்தும் எண்ணெயும் தரும் ஆற்றல்தான். அது இரண்டு மணியிலும் ஒன்றே. ஒரு மரபணு மாற்றுப் பயிருக்கு அனுமதி கேட்கும்போது புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, நார்ச்சத்து, வைட்டமின்கள் எல்லாவற்றையும் அதன் சாதாரண உறவுப் பயிரோடு ஒப்பிட்டுக் காட்டுவது வழக்கமான நடைமுறை. ஆகவே கலோரி கூடியிருக்குமோ என்ற சந்தேகத்துக்கு ஆய்வகத்திலேயே பதில் கிடைத்துவிடுகிறது.

சர்க்கரை இன்னும் தெளிவான உதாரணம். அமெரிக்கச் சர்க்கரையில் பாதிக்கு மேல் சுகர் பீட் என்ற கிழங்கிலிருந்து வருகிறது. அந்தக் கிழங்கு அநேகமாக முழுவதும் மரபணு மாற்று ரகம். சாற்றைப் பிழிந்து, சுத்திகரித்து, படிகமாக்கிய பிறகு கையில் இருப்பது சுக்ரோஸ். 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த ஒரு மூலக்கூறு. கிழங்கின் மரபணுக்களைத் தாங்கும் டி.என்.ஏ.வும் அதன் புரதமும் சுத்திகரிப்பிலேயே நீங்கிவிடுகின்றன. கரும்பிலிருந்து வந்த சுக்ரோஸும் இதே 12, 22, 11தான். கிராமுக்கு 4 கலோரி. எண்ணெய்க்கும் இது பொருந்தும். எந்த சோயாவிலிருந்து பிழிந்தாலும் கிராமுக்கு 9 கலோரி, ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி.

“சரி, அந்த அந்நிய மரபணுவே நம் உடம்புக்குள் போய் ஏதாவது செய்யாதா?” என்று கேட்பார்கள். நாம் தின்னும் ஒவ்வொரு இலையிலும் பழத்திலும் மீனிலும் டி.என்.ஏ. இருக்கிறது. தினமும் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஒரு கிராம் வரை டி.என்.ஏ.வைச் சாப்பிடுகிறோம். குடலில் இருக்கும் நொதிகள் அதை வெட்டித் துண்டாக்கிவிடுகின்றன. கீரையைத் தின்று யாரும் பச்சையாக மாறியதில்லை. சேர்க்கப்பட்ட ஒரு மரபணுவும் எல்லா டி.என்.ஏ.வையும் போல அதே நான்கு வேதி எழுத்துகளால் ஆனது, அதற்கும் அதே கதிதான்.

எடை விஷயத்தில் அதிகம் பயமுறுத்தியது ஒரு மீன். ‘அக்வாஅட்வாண்டேஜ்’ என்ற சால்மன். 2015இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதை உணவாக அனுமதித்தது. அட்லாண்டிக் சால்மனுக்குள் சினூக் என்ற வேறொரு சால்மன் இனத்தின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை வைத்து, அது ஆண்டு முழுக்க வேலை செய்யும்படி, மரபணுவை முடுக்கிவிடும் டி.என்.ஏ. துண்டு ஒன்றையும் இன்னொரு மீனிலிருந்து எடுத்துச் சேர்த்திருந்தார்கள். சாதாரண சால்மன் விற்பனை அளவுக்கு வளர ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும் இடத்தில் இது பாதிக் காலத்தில் வளர்ந்துவிடும். சீக்கிரம் பெரிதாகும் மீனைத் தின்றால் நாமும் பெருத்துவிடுவோம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். வாய் வழியே போனால் அது செரித்துவிடும். இன்சுலினை மாத்திரையாக விழுங்க முடியாமல் ஊசியாகப் போட்டுக்கொள்வதும் இதனால்தான். அதோடு, மீனின் வளர்ச்சி ஹார்மோன் மனித உடம்பில் வேலை செய்வதும் இல்லை.

தராசில் ஏறிய மிருகங்கள்

இதுவரை சொன்னது தத்துவம். நடைமுறையில் யாராவது பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள், நாம் நினைத்துப் பார்க்காத ஓர் இடத்தில். மரபணு மாற்றிய சோயாவிலும் மக்காச்சோளத்திலும் பெரும் பங்கு மனிதர் வாய்க்குப் போவதே இல்லை, கால்நடைத் தீவனமாகப் போகிறது. கோழி, பன்றி, மாடு வளர்ப்பவர்களைப் போல எடையைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பவர்கள் உலகத்தில் வேறு யாரும் இல்லை. ஒரு கிலோ தீவனம் போட்டால் எத்தனை கிராம் எடை ஏறுகிறது என்பதில்தான் அவர்கள் பிழைப்பே இருக்கிறது. செலவில் பெரும் பகுதி தீவனத்துக்குப் போகிறது.

1996க்கு முன்னால் அமெரிக்கக் கால்நடைகள் தின்றது முழுக்கச் சாதாரணத் தீவனம். 2011 வாக்கில் தீவனத்தில் பத்தில் ஒன்பது பங்கு மரபணு மாற்றுப் பயிர். இந்த இரண்டு காலத்துக்கும் உள்ள பதிவுகளை ஆலிசன் வான் ஈனெனாம், ஏமி யங் என்ற ஆய்வாளர்கள் 2014இல் ஒப்பிட்டார்கள். மொத்தம் 10,000 கோடிக்கும் மேற்பட்ட மிருகங்களின் கணக்கு. தீவனம் மாறியதால் உடல்நலத்திலோ வளர்ச்சியிலோ விபரீதமான திருப்பம் எதுவும் தென்படவில்லை. எனக்கு இந்த வாதம் மிகவும் பிடிக்கும். ஒரே அளவு சாப்பிட்டாலும் உடம்பை ஊதச் செய்யும் தன்மை அந்தச் சோளத்துக்கு இருந்திருந்தால், அதை முதலில் கண்டுபிடித்திருப்பவர்கள் கோழிப் பண்ணைக்காரர்கள்தான். குறைந்த தீவனத்தில் அதிக எடை என்பது அவர்களுக்குக் கனவு. அதற்கு வாரி வாரிக் கொடுத்திருப்பார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

மனிதர்களின் கணக்கும் இதையே காட்டுகிறது. அமெரிக்கப் பெரியவர்களில் உடல் பருமன் உள்ளவர்கள் 1976–80இல் சுமார் 15 சதவீதம். 1988–94இல் 23 சதவீதம். அதாவது மரபணு மாற்று சோயா வயலுக்கு வருவதற்கு முன்பே ஏற்றம் வேகமெடுத்துவிட்டது. 2017–18இல் அது 42 சதவீதத்தைத் தாண்டியது. இடையில்தான் மரபணு மாற்று உணவு வந்தது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் அதுதான் காரணம் என்று தோன்றும். அப்படியே கடலைத் தாண்டி இங்கிலாந்தைப் பாருங்கள். ஐரோப்பியக் கடைகளில் மரபணு மாற்று உணவு அபூர்வம். ஒரு பொருளில் அது 0.9 சதவீதத்தைத் தாண்டினாலே அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். வாங்குபவர்கள் தயங்கியதால் கடைக்காரர்களும் ஒதுக்கிவிட்டார்கள். அங்கும் பெரியவர்களின் உடல் பருமன் 1993இல் 15 சதவீதமாக இருந்து 2019இல் 28 சதவீதமாகிவிட்டது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2016இல் வெளியிட்ட பெரிய அறிக்கை இதே ஒப்பீட்டைச் செய்தது. 900க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் படித்த அந்தக் குழு, அமெரிக்காவையும் கனடாவையும் ஒரு பக்கம் வைத்து, பிரிட்டனையும் மேற்கு ஐரோப்பாவையும் இன்னொரு பக்கம் வைத்துப் பார்த்தது. உடல் பருமன், சர்க்கரை நோய், புற்றுநோய் எதிலும் மரபணு மாற்று உணவோடு சேர்ந்து நகரும் வித்தியாசம் அதற்குக் கிடைக்கவில்லை.

எலிகளை வைத்து எதிர்மாறாகச் சொன்ன ஆய்வு ஒன்றும் உண்டு. பிரான்சில் செராலினி குழு 2012இல் வெளியிட்டது. கட்டி வளர்ந்த எலிகளின் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. தானாகவே கட்டி வரக்கூடிய எலி இனத்தை, மிகக் குறைந்த எண்ணிக்கையில் வைத்துச் செய்த ஆய்வு அது. வெளியிட்ட ஆய்விதழே 2013இல் அதைத் திரும்பப் பெற்றது. பின்னர் வேறோர் இதழில் மறுபடி வந்தது. எப்படியும் அது எடையைப் பற்றிய ஆய்வு இல்லை.

அப்படியானால் அவர்கள் ஏன் இளைத்தார்கள்?

மரபணு மாற்று உணவை அடியோடு விட்டவர் ஆறு மாதத்தில் ஏழு கிலோ குறைந்தேன் என்றால் நான் நம்புவேன். அவர் எதையெல்லாம் விட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். கடையில் மரபணு மாற்று ரகமாகக் கிடைக்கும் பழம், காய்கறி எண்ணிச் சொல்லக்கூடிய அளவுதான். வைரஸ் தாக்காத ஹவாய்ப் பப்பாளி, வெட்டினால் கறுக்காத ஆப்பிள், சில உருளைக்கிழங்கு, பூசணி, இனிப்புச் சோளம் என்று ஒரு சிறு பட்டியல். மரபணு மாற்றுப் பொருள் அதிகமாக ஒளிந்திருக்கும் இடம் வேறு. சோளத்தை உடைத்து எடுத்த ஃபிரக்டோஸ் பாகு, சோள மாவுச்சத்து, சோயா எண்ணெய், கனோலா எண்ணெய், பீட் சர்க்கரை. இவையெல்லாம் எங்கே சேர்கின்றன? குளிர்பானம், பிஸ்கட், சிப்ஸ், கேக், பொரித்து உறைய வைத்த துண்டுகள், பாட்டிலில் வரும் சாஸ். மரபணு மாற்று உணவு வேண்டாம் என்று ஒருவர் தீர்மானித்தால், அலமாரியில் இந்த வரிசை முழுவதும் அவருக்கு அடைபட்டுப் போகிறது. வேறு வழியில்லாமல் முழுத் தானியம், பருப்பு, முட்டை, காய், பழம் பக்கம் திரும்புகிறார். எடை குறைகிறது. அவர் மரபணுவுக்கு நன்றி சொல்கிறார். நன்றி போய்ச் சேர வேண்டிய இடம் அவர் விட்டுவிட்ட சிப்ஸ் பாக்கெட்.

இதை நேரடியாகச் சோதித்த ஓர் ஆய்வு இருக்கிறது. எடை பற்றி எழுதும்போதெல்லாம் நான் திரும்பத் திரும்ப அதற்குத்தான் போகிறேன். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019இல் வெளியிட்டது. 20 பேரை நான்கு வாரம் ஆராய்ச்சி மையத்திலேயே தங்க வைத்தார். இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். ஒரே ஒரு சலுகை: வேண்டிய மட்டும் சாப்பிடலாம், வேண்டாம் என்றால் மிச்சம் வைக்கலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ கூடியது. மற்ற உணவுக்கு வந்ததும் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கியது. அந்த உணவில் இருந்த சோளம் எந்த ரகம் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. மென்று தின்னும் வேலை இல்லாமல், வயிறு ‘போதும்’ என்று சொல்வதற்குள் உள்ளே போய்விடும் உணவு என்பதே அங்கே முக்கிய வித்தியாசமாகத் தோன்றியது.

ஒரே சோளத்தை மூன்று உருவத்தில் எடுத்துக்கொள்வோம். வேகவைத்த இனிப்புச் சோளம் 100 கிராமில் 100 கலோரிக்கும் குறைவு. தண்ணீரும் நாரும் நிறைய, கடித்து மென்று தின்றாக வேண்டும். அதே 100 கிராம் சோளச் சிப்ஸில் 500 கலோரிக்கு மேல். தண்ணீரை விரட்டிவிட்டு அந்த இடத்தில் எண்ணெய் ஏற்றியிருக்கிறார்கள். மூன்றாவது, சோளப்பாகு கலந்த குளிர்பானம். மெல்லவே வேண்டாம், நார்ச்சத்தும் கிடையாது, குடித்த பிறகும் சாப்பாட்டின் அளவு குறையாது. இந்த மூன்றையும் மரபணு மாற்றிய சோளத்திலும் செய்யலாம், மாற்றாத சோளத்திலும் செய்யலாம். சிப்ஸ் சிப்ஸாகத்தான் இருக்கும்.

இதிலிருந்துதான் எனக்கு உண்மையான கவலை வருகிறது. மரபணு மாற்றாத சோளத்தில் சிப்ஸ் செய்ய முடியும் என்பது உணவுத் தொழிலுக்கும் தெரியும். முன்பு மரபணு மாற்று உணவைத் தவிர்த்தவர்கள் பாக்கெட் உணவையே தவிர்க்க வேண்டியிருந்தது. இப்போது முத்திரை போட்ட சிப்ஸ், முத்திரை போட்ட குக்கி, முத்திரை போட்ட சாக்லேட் எல்லாமே உண்டு. தவிர்ப்பதால் தற்செயலாகக் கிடைத்துவந்த அந்த ஒரு நன்மையும் போய்விட்டது. உப்பிலும் குடிநீரிலும்கூட இந்த முத்திரையைப் பார்க்கலாம். உப்பில் மரபணுவே கிடையாது. பாப்கார்ன் பாக்கெட்டுகளிலும் பெருமையாகப் போட்டிருப்பார்கள். மரபணு மாற்றிய பாப்கார்ன் ரகம் சந்தையிலேயே இல்லை.

முத்திரை தீங்கில்லாதது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. அது நம் கணக்கைக் குழப்புகிறது. ஜொனாதன் ஷுல்ட், நார்பர்ட் ஷ்வார்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2010இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஓரியோ பிஸ்கட்டை இயற்கை முறையில் விளைந்த மாவிலும் சர்க்கரையிலும் செய்தது என்று சொன்னதும், அதில் கலோரி குறைவு என்றும் அடிக்கடி சாப்பிடலாம் என்றும் மக்கள் நினைத்தார்கள். இன்னொரு கேள்வியில், எடை குறைக்க ஓடும் பெண் ஒருத்தி இன்றைக்கு ஓடாமல் விடலாமா என்று கேட்டார்கள். அவள் சாப்பிட்டது இயற்கை முறை இனிப்பு என்றால், பரவாயில்லை விடலாம் என்று தாராளமாகச் சொன்னார்கள். ‘மரபணு மாற்றாதது’ என்ற சொல்லும் மனதில் இதே வேலையைத்தான் செய்யும் என்பது என் கணிப்பு. என் தோழியின் கிண்ணம் 110 கிராமுக்குப் போனதில் பச்சை எழுத்துக்கும் பங்கு இருந்திருக்கலாம்.

எடையைத் தவிர மற்றவை

மரபணு மாற்றுப் பயிர் பற்றிக் கேட்கவே கேள்வி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. விதைமேல் காப்புரிமை யாருக்கு, களைக்கொல்லிக்கு அடங்காத களைகள் பெருகுவது, ஒரே ரகத்தைக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பயிரிடுவது, எல்லாம் கனமான விவாதங்கள். கிளைஃபோசேட் களைக்கொல்லியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் ‘மனிதர்களுக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற வகையில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதை ஏற்கவில்லை. ஒவ்வாமை விஷயத்திலும் கவனம் தேவை. பிரேசில் கொட்டையின் புரதத்தைச் சேர்த்த ஒரு சோயா, அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது என்று சோதனையில் தெரிந்து, 1996இல் அந்த ஆய்வு முடிவு வெளியானது. அந்த சோயா கடைக்கே வரவில்லை. இந்தக் காரணங்களுக்காக ஒருவர் மரபணு மாற்று உணவு வேண்டாம் என்று முடிவு செய்தால் அது அவர் உரிமை, மதிக்கிறேன். எடைக்காக என்று மட்டும் செய்ய வேண்டாம்.

இனி வரப்போகும் பயிர்கள் எடைக்கு உதவுமா என்று கேட்டால், அதற்குச் சற்று வேறு பதில். குடலில் மெதுவாகச் செரிக்கும், நார்ச்சத்தைப் போல நடந்துகொள்ளும் மாவுச்சத்து நிறைந்த கோதுமையை ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. 2006இல் அதை முதலில் மரபணு உத்தியால் செய்து எலிகளில் காட்டினார்கள். பிறகு அதே தன்மையை மரபணு மாற்றம் இல்லாமல், வழக்கமான கலப்பினத் தேர்விலேயே கொண்டுவந்தார்கள். கடைக்கு வந்தது இரண்டாவது வகை. இரண்டிலும் நமக்கு வேண்டியது அந்த மாவுச்சத்துதான். எந்த வழியில் வந்தது என்பது குடலுக்குத் தெரியாது.

எடையைத் தீர்மானிப்பதில் மரபணுவுக்குப் பங்கே இல்லையா? உண்டு, பெரிய பங்கு. ஆனால் அது நம்முடைய மரபணு. எஃப்டிஓ என்ற மரபணுவின் ஒரு வடிவம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தவர்கள், அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ அதிக எடையோடு இருப்பதை 2007இல் கண்டுபிடித்தார்கள். பசி, திருப்தி இரண்டையும் ஆளும் இப்படிப்பட்ட மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒரே உணவைச் சாப்பிடும் இரண்டு பேரில் ஒருவர் மட்டும் பெருப்பதைப் பார்த்து அவருக்குக் கட்டுப்பாடு இல்லை என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். எடை குறைப்பில் இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் செமாகுளூட்டைடு என்ற ஊசி மருந்தின் அடிப்படைப் புரதத் துண்டைத் தயாரிப்பது மரபணு மாற்றிய ஈஸ்ட். 2021இல் வெளியான சோதனையில், அந்த மருந்தைப் போட்டுக்கொண்டவர்கள் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடையைக் குறைத்தார்கள். மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். மரபணு மாற்றம் என்ற தொழில்நுட்பம் எடை குறைப்பைத் தொட்டிருக்கிறது என்றால், வயலில் அல்ல, இந்த ஈஸ்டை வளர்க்கும் தொட்டியில்தான்.

தோழிக்கு நான் சொன்னது சுருக்கம்தான். பாக்கெட்டைத் திருப்பிப் பார், 100 கிராமுக்கு எத்தனை கலோரி, எவ்வளவு நார்ச்சத்து, எவ்வளவு புரதம், பொருள்களின் வரிசையில் சர்க்கரையும் எண்ணெயும் எத்தனையாவது இடத்தில் நிற்கின்றன என்று பார், அப்புறம் கிண்ணத்தைத் தராசில் வை. அவள் அந்த இரண்டு பாக்கெட்டையும் மறுபடி படித்தாள். முத்திரை போட்டதில் நார்ச்சத்து 5 கிராம், போடாததில் 9. போடாததை வாங்கினாள். தராசு இப்போது அவள் சமையல் மேடையிலேயே இருக்கிறது. 45 கிராம் போட்டால் கிண்ணத்தின் அடி மட்டும்தான் மறைகிறது என்று முதல் நாள் வருத்தத்தோடு படம் அனுப்பினாள். அதன் மேலே ஒரு பழத்தை வெட்டிப் போடு என்று எழுதினேன்.